மயிலிறகில் வந்த அரக்கன்

மயிலிறகைச் சுட்டால் தலைமுடி பொசுங்குவதைப் போல ஒரு வாடை எழும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், சிங்காநல்லூரில் நாங்கள் குடியிருந்தபோது வந்த ஒரு மழைக்காலத்தை அந்த வாடை இன்றும் அப்படியே கொண்டுவந்துவிடும்.

அந்த வாரம்தான் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர், உடம்பெல்லாம் கண்ணுள்ள ஆர்கோஸ் என்ற கிரேக்க அரக்கனின் கதையைச் சொல்லியிருந்தார். அவனுக்குப் பனோப்தீஸ் என்றும் ஒரு பெயர். ‘எல்லாம் காண்பவன்’ என்று பொருள். ஒரு பசுவுக்குக் காவலிருந்த அவனுக்குச் சில கண்கள் தூங்கினாலும் மற்றவை விழித்தே இருக்குமாம். அவன் செத்த பிறகு தேவி ஒருத்தி அந்தக் கண்களை எடுத்து மயில் தோகையில் பதித்துவிட்டாளாம். எங்கள் வீட்டில், மருதமலையிலிருந்து வாங்கிவந்த மயிலிறகுக் கட்டு முருகன் படத்தின்மேல் செருகியிருந்தது. அன்றிலிருந்து அந்த அறையில் நான் துணி மாற்றவில்லை.

அப்போது இரண்டு வயதுத் தம்பிக்கு வாந்தி கண்டு, பிறகு விக்கல் பிடித்து, நிற்கவேயில்லை. வைத்தியர் கொடுத்த மருந்தும் வயிற்றில் தங்கவில்லை. அம்மா அவனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து வந்த அத்தை என்னிடம், “அந்த மயிலெறகுல ஒண்ணை உருவிட்டு வா அம்மணி, சுட்டுத் தேன்ல கொழைச்சுக் குடுத்துப்போடலாம்” என்றாள்.

கண்ணைச் சுட்டால் அரக்கன் தம்பியின் வயிற்றுக்குள் போய்ப் பழிவாங்குவான். சுடாவிட்டால் தம்பி செத்துப்போவான். தூங்குகிற கண்ணாகப் பார்த்து உருவினால் அவனுக்குத் தெரியாது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் விழித்திருந்தன.

“ஏனம்மணி, மயிலே வந்து குடுக்கோணுமா?”

“அது பாக்குதுங்க அத்தை.”

“பாத்தாப் பாத்துட்டுப் போகுது, நவுரு” என்று அவளே வந்து உருவிக்கொண்டாள்.

கறுப்புக் குழம்பாக அதைத் தம்பியின் நாக்கில் தடவினார்கள். கொஞ்ச நேரத்தில் விக்கல் நின்றது; வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. எட்டிப் பார்த்தேன். இமை பாதி திறந்து, வெள்ளை விழி மட்டும் தெரியக் கிடந்தான். “தூங்கறான், எழுப்பிப்போடாதே” என்றாள் அத்தை. நான் நம்பவில்லை, மூக்கடியில் விரல் வைத்தேன், மூச்சு சுட்டது.

அந்த வீடும் இல்லை, அத்தையும் இல்லை. விக்கலுக்கு மயிலிறகு சுடுகிறவர்களும் இல்லை. தம்பிக்குத் தலை நரைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டில் சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் அரைக்கண் திறந்தபடி தூங்குவான். பிறவிப் பழக்கம் என்கிறாள் அவன் மனைவி. அந்த மத்தியானத்துக்கு முன்னால் அவன் எப்படித் தூங்கினான் என்பது எனக்கு எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வருவதில்லை. மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அவனைக் கடந்து போகிறேன்.