கிணற்றடியில் ஒரு கை

விளாத்திகுளம் பக்கம் ஒரு கிராமத்தில் கன்னித் தெய்வம் ஒன்றுக்குப் புதிதாகக் கோயில் கட்டினார்கள். சிலையை நாட்டியாயிற்று. பின்சுவரில் அவள் கதையை வரையப் பெண் ஓவியர்தான் வேண்டும் என்று கோவில்பட்டிக்கு என்னைத் தேடி வந்தார்கள். அவள் சிலைக்குப் பின்னால் ஆண்கள் நிற்கக் கூடாதாம். பூசாரிகூட முன்னால் நின்றுதான் மாலை போடுவாராம். அது எனக்கு அப்போதே உறுத்தியது.

கதை சின்னதுதான். வேறு சாதிப் பையனை விரும்பியவள், தண்ணீர் இறைக்கப் போன இடத்தில் கால் வழுக்கிக் கிணற்றில் விழுந்தாள். பிறகு அண்ணன்மார் கனவில் வந்து பூசை கேட்டாள். இன்று கும்பிடுகிறவர்கள் அந்த அண்ணன்மாரின் வாரிசுகள்.

காலண்டர் படம் பார்த்து வளர்ந்த எனக்குத் தெய்வத்தை வரைவது பெரிய காரியமில்லை. ஆனால் இந்தப் படம் நிற்கவே மாட்டேன் என்றது. வழுக்குகிறவள் பின்பக்கம்தான் சாய்வாள். இவளைக் கிணற்றுக்குள் விழவைக்க முன்னால் சாய்க்க வேண்டியிருந்தது. அழித்து அழித்துப் போட்டு அலுத்துப்போய், அவள் முதுகில் ஒரு ஆண் கையை வரைந்தேன். மணிக்கட்டு வரைக்கும்தான். படம் சரியாக உட்கார்ந்தது.

கொடைத் திருவிழாவுக்கு முந்தின நாள் காலை கோயில் பெரியவர் வந்து பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"யாரு கை அது?"

"தெரியாது அண்ணாச்சி."

"அவ கால் வழுக்கில்லா விழுந்தா! ஒங்ககிட்ட எவன் சொன்னான்?"

"எவனும் சொல்லலை. வழுக்கி விழுந்தவளுக்குப் பின்னால ஆம்பளை நின்னா என்ன அண்ணாச்சி?"

என் வாய் எப்போதும் இப்படித்தான், முந்திக்கொள்ளும். வெளியே ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தவர்களும் வந்து வாசலை அடைத்து நின்றார்கள். என் ஸ்கூட்டி அவர்களுக்கு அந்தப் பக்கம் நின்றது.

"இப்பவே அழிங்க. இல்லேன்னா நடக்கிறதே வேற."

பயத்தில் கோபம்தான் வந்தது. "நான் அழிக்க மாட்டேன். வேணும்னா நீங்களே அழிச்சுக்கிடுங்க" என்று வெள்ளை தோய்த்த பிரஷை நீட்டினேன்.

வெடுக்கென்று பிடுங்கினார். சிலையைச் சுற்றிப் போகக் கால் எடுத்து வைத்தவர், பக்கவாட்டிலேயே நின்றுவிட்டார். கழுத்தெல்லாம் வேர்த்தது. வாசலில் நின்ற ஆண்கள் ஒருவரும் 'போங்க' என்று சொல்லவில்லை. பிரஷைத் தானே வாங்குகிறேன் என்று முன்னால் வரவும் இல்லை. கடைசியில், வெளியே பொங்கல் பானை கழுவிக்கொண்டிருந்த தன் தங்கையைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, இங்கன வா. நீ போயி அழி."

அந்த அம்மாள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார். பிரஷை வாங்கிச் சிலைக்குப் பின்னால் போனார். சுவரிலிருந்த கையை வெகுநேரம் பார்த்தார். அவர் அழிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

பிரஷைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"நானும் ஒனக்குத் தங்கச்சிதாம்ண்ணே" என்றார்.