அக்கா என்று கூப்பிட்ட குற்றம்

பிராங்பேர்ட்டில், பின்லாந்து மொழியின் இலக்கியத்தையும் நாட்டார் கதைகளையும் வளர்க்கும் சிறிய சங்கம் ஒன்று உண்டு. அதில் நான் ஒருவன்தான் தமிழன். ஜேர்மன் மொழியோடு மல்லுக்கட்டி வென்றவனுக்கு இனி எந்த மொழியும் தூசு என்ற திமிரில் பின்னிஷ் படிக்கப் போனேன். தமிழில் எட்டு வேற்றுமை; அங்கே பதினைந்து. முதல் வாரத்திலேயே திமிர் அடங்கிவிட்டது. ஆனாலும் விடாமல் மூன்று வருடம் படித்து, ஒரு நரிக்கதையைத் தமிழாக்கினேன். சங்கத்தின் 'கதை மாலை' நிகழ்ச்சியில் அதை வாசிக்கப் பத்து நிமிடம் தருவதாகச் செயலாளர் சொல்லியிருந்தார். அந்தப் பத்து நிமிடத்துக்காக ஒரு சட்டைகூட வாங்கி வைத்தேன்.

செயலாளர் பின்லாந்துப் பெண்மணி. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். மற்றவர்கள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். எனக்கு நா எழவில்லை. ஒருநாள் கூட்டத்தில், எல்லாருக்கும் கேட்கும்படி, "அக்கா, கோப்பி வேண்டுமா?" என்று ஜேர்மனில் கேட்டேன். அவர் முகம் சுருங்கியது. மறுநாள் மின்னஞ்சல் வந்தது: நிகழ்ச்சியில் இடமில்லை.

அகராதியைப் புரட்டினேன். பின்னிஷில் 'அக்கா' என்றால் கிழவி. அதுவும் மரியாதையான கிழவி இல்லை, சிடுமூஞ்சிக் கிழவி. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் மரியாதையால் கெட்டேன்.

"மின்னஞ்சல் எழுதாதேங்கோ, நேரில போய்ச் சொல்லுங்கோ," என்றாள் மனைவி. "மூண்டு வருசமா நரி நரி எண்டு என்ரை உயிரை வாங்கினது வீணாப் போகக்கூடாது."

போனேன். எங்களில் மூத்த பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம், கூடப் பிறந்தவளாக நினைத்து அக்கா என்போம் என்று விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு அட்டையை எடுத்தார். வாய்மொழியாகக் கிடைக்கும் சொல்லையும் பழமொழியையும் அட்டையில் குறித்துச் சேர்ப்பது அந்தச் சங்கத்தின் வழக்கம். 'அக்கா' என்று எழுதி, நான் சொன்ன பொருளையும் எழுதினார்.

"சரி, உங்கள் அக்கா உங்களை எப்படிக் கூப்பிடுவார்?"

"தொலைபேசி எடுத்தால், 'ஆர், தம்பியோ?' என்று கேட்பார்."

பேனா நின்றது. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார். பின்னிஷில் 'தம்பியோ' என்றால் மடையனாம். அதையும் ஒரு அட்டையில் எழுதினார். "நரிக்கு இடம் இருக்கிறது," என்றார்.

கதை மாலையில் என் முறை வந்ததும் அவர் ஒலிவாங்கியைப் பிடித்து, "தம்பியோ!" என்று அழைத்தார். பின்லாந்துக்காரர் அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் மனைவி மட்டும், வாய் நிறையத் தமிழில் கூப்பிடுகிறாரே என்று பெருமையோடு கைதட்டினாள். மற்றப் பொருளை அவளிடம் நான் சொல்லியிருக்கவில்லை. புதுச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தேன்.

"ஓம் அக்கா, வாறன்," என்றேன்.