சட்டைப்பையில் போன பிரஜாவுரிமை

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டங்களில் ஒருவரைப் புதைக்கும்போது அவர் ஆசைப்பட்டதைப் பெட்டிக்குள் வைத்து அனுப்புவார்கள். வெற்றிலை, கம்பளி, சிலருக்கு ஒரு கால்போத்தல் சாராயம். ஒரு கிழவருக்கு அவருடைய பிள்ளைகள் பிரஜாவுரிமைச் சான்றிதழை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்கள். பாதி ஆயுள் காத்திருந்து வாங்கியதாம், அவரோடேயே போகட்டும் என்றார்களாம்.

இதைச் சொன்னவள் அவருடைய இளைய மகள். நான் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் பதுளையில் இருக்கும் என் வீட்டைத் தேடி வந்தாள்.

"அக்காவுக்குச் சீக்கு முத்திப்போச்சுங்க ஐயா. கோத்தகிரியில கெடக்கு. உசுரு இருக்கப்பவே ஒருதரம் பாத்துப்புடணும். பாஸ்போட்டுக்குப் போனா அப்பாவோட பிரஜாவுரிமையக் கேக்குறாங்க."

இருவரும் தோட்டத்து வரிசைவீடான லயத்தில், ஒரே அறையில் பிறந்தவர்கள். இந்த நாடு சுதந்திரம் பெற்ற கையோடு தனக்குத் தேயிலை பறித்துக் கொடுத்தவர்களை அந்நியராக்கியது. பிறகு இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து ஆட்களைத் தேங்காய் பிரிப்பதுபோலப் பிரித்தன. அக்கா, புருஷனோடு சேர்ந்து இந்தியப் பங்கில் விழுந்தாள். தங்கை இங்கே மிஞ்சினாள். இவற்றுக்கெல்லாம் வெகுகாலம் கழித்து, எஞ்சியிருந்த எல்லோரும் பிரஜைகளே என்று ஒரு சட்டம் வந்தது. சட்டம் வந்த செய்தி மட்டும் கவுண்டர்கள் சிலவற்றுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

நானும் அவளோடு கடவுச்சீட்டு அலுவலகத்துக்குப் போனேன். அவளுடைய பிறப்புச் சான்றிதழில் "இந்தியத் தமிழர்" என்றிருந்த இடத்தில் கவுண்டரில் இருந்த உத்தியோகத்தர் பேனாவை ஊன்றினார்.

"அப்பாவின் சான்றிதழ் எங்கே அம்மா?"

"அப்பாகிட்டதாங்க இருக்கு."

"அப்ப அவரைக் கூட்டிட்டு வாங்க."

"அவரு செத்துட்டாருங்க."

நான் குறுக்கிட்டு விளக்கினேன். அவர் யோசித்தார். "பெட்டிக்குள்ள வச்சதுக்கு அத்தாட்சி இருக்கா, சேர்?"

"தோண்டிப் பார்த்துவிடலாமா?" என்றேன்.

"அதுக்கு நீதவான்ட உத்தரவு வேணும்."

கேலி செய்யவில்லை. உண்மையிலேயே விதியைத்தான் சொன்னார். எல்லோரும் பிரஜைகளே என்ற அந்தச் சட்டத்தை எடுத்துச் சொன்னேன். மேலிடத்திலிருந்து அதற்கான சுற்றுநிருபம் வரவில்லை என்றார். இப்படிப்பட்டவர்களோடுதான் முழு உத்தியோக காலத்தையும் கழித்தேன். சட்டத்தைவிடச் சுற்றுநிருபத்துக்கே பயப்படுகிற சாதி.

மிஞ்சியது கொழும்பு. பிரஜாவுரிமை கொடுத்த இடத்தில் பழைய கோப்பிலிருந்து அத்தாட்சிப்படுத்திய பிரதி கேட்கலாம். கேட்டோம். ஒருவனைத் தன் குடிமகனா என்று சந்தேகித்துவிட்டால், அவன் கோப்பைக் கறையான் தொடாமல் காப்பதில் இந்த நாட்டுக்கு இணையில்லை. கோப்பு இருந்தது. கையெழுத்து வைக்க வேண்டியவர்தான் லீவில் இருந்தார். கோத்தகிரியிலிருந்து அக்கா மகன் அழைத்துக்கொண்டேயிருந்தான். கஞ்சி இறங்கவில்லை என்றான். பிறகு ஆளை அடையாளம் தெரியவில்லை என்றான். ஒவ்வொரு அழைப்புக்கும் இவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் கொழும்புக்கு இன்னொரு தடவை ரயிலேறினேன்.

பிரதியைக் கண்டதும் நம் உத்தியோகத்தர் மலர்ந்தார்.

"இத முதல்லயே கொண்டு வந்திருக்கலாமே, அம்மா!"

கடவுச்சீட்டு வந்தது. இந்திய விசாவும் எப்படியோ கிடைத்தது. போனவளிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிடிபடவில்லை.

"ஐயா, வந்து சேந்துட்டேங்க. என்னய அதுக்குத் தெரிஞ்சிருச்சு. கண்ணு முழிச்சுப் பாத்துட்டு அக்கா கேட்ட மொதக் கேள்வி என்னா தெரியுங்களா? 'ஏன்டி, உன்னய எவன்டி உள்ள விட்டான்?'"