துணைக்கு ஒரு நீலப் பொம்மை

இரும்புலியூர், 2006. ஜி.எஸ்.டி. சாலையில் ராமேஸ்வரம் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். மடியில் மனைவியின் அஸ்திக் கலசம். கையில், அவள் கெய்ரோவில் ஆசையாய் வாங்கிய விரலளவு பொம்மை. பண்டைய எகிப்தியச் சிலையின் நகல். பீங்கான்போல் பளபளக்கும் நீலப்பச்சை.

பக்கத்தில் காலிக் கூடையோடு உட்கார்ந்திருக்கும் மீன்காரப் பெண் கேட்கிறாள். “இன்னா பொம்ம சார் அது?”

“எகிப்துல செத்தவங்களோட இதை வச்சுப் புதைப்பாங்களாம். மேலுலகத்துல வேலைக்குக் கூப்பிட்டா, அவங்களுக்குப் பதிலா இது போகுமாம். என் மனைவியோட இதையும் கடல்ல விடப்போறேன்.”

“அப்போ அக்காவுக்குத் தொணை கீது. உனக்கு?”



கோவளம் பஸ் வந்து நிற்கிறது. கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தவள், என்னைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்கிறாள்.

“நான் அடுத்ததுல போறேன். உன் பஸ் வரட்டும் சார்.”