நிற்கவும், அமரவும்

ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, குழல்விளக்கையும் அணைத்துவிட்டு, கணவரின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் தன் கையில் வைத்துக்கொண்டார் கண்ணாடி அக்கா. பிறகு ஒரு தாளை அவரிடம் நீட்டினார்.

"இப்ப படிங்க."

"ஒண்ணும் தெரியல. என்ன விளையாட்டு இது?"

"கையை அவ்வளவு நீட்டக் கூடாது. முழங்கைய மடக்குங்க. ம்... முதல் வரி?"

"வருகைப் பாடல்."

"அடுத்தது?"

"ஏதோ பூச்சி ஊருது."

அக்கா தாளைப் பிடுங்கி, அதன் ஓரத்தில் 'இன்னும் பெரிசா' என்று பென்சிலால் எழுதினார். மாதா கோயிலுக்குள் வெளிச்சம் இவ்வளவுதான் இருக்கும். கல்யாணத்துக்கு வருகிறவர்களில் "பாதிப் பேரு கண்ணாடிய வீட்டுல வெச்சிட்டு வர்றாங்க, மீதிப் பேரு போட்டோவுக்காகக் கழட்டிடறாங்க" என்பது அவருடைய இருபத்திரண்டு வருட அனுபவம். கடைத்தெருவில் உள்ள மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்வது அவர் வேலை. பெயர் வந்த வழி அதுதான். அவர் மூக்கில் கண்ணாடி கிடையாது. அவர் கணவர் பேருந்து ஓட்டுநர். எதிர் முனையில் திரும்பும் வண்டியின் எண்ணைத் தவறாமல் சொல்லிவிடுவார்; கையில் இருக்கும் தாள்தான் அவருக்குப் பூச்சியாக ஊரும்.

நான் எதிர் வீட்டுக்காரன். நாற்பத்திரண்டு வயதாகிறது, அக்காவுக்கு இன்னும் தம்பிதான். "தம்பி, கை சும்மாதானே இருக்கு?" என்று அவர் வாசலில் வந்து நின்றால், எங்கோ ஒரு கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது என்று புரிந்துகொள்வேன். சொந்தத்தில், நட்பில், கடைக்கு வந்து பழக்கமானவர்களில் யாருக்குக் கோயிலில் திருமணம் என்றாலும், வழிபாட்டுப் புத்தகம் அக்கா வீட்டு முன்னறையில்தான் தயாராகும். பாடல்கள், வாசகங்கள், மக்கள் சொல்ல வேண்டிய பதில்கள் எல்லாம் வரிசையாக அடங்கிய, கையகலச் சிறு புத்தகம். கோயில் வாசலில் ஆளுக்கொன்று கொடுப்பார்கள்.

இந்த வேலை ஒரு கோபத்தில் தொடங்கியது. அக்காவின் அண்ணன் மகனுக்குக் கல்யாணம் நடந்தபோது, நல்ல விலை கொடுத்து அச்சகத்தில் புத்தகம் போட்டார்கள். வழவழ தாள், தங்க எழுத்து. உள்ளே வாக்குறுதிப் பக்கத்தில் மட்டும் போன வாரத்து மாப்பிள்ளையின் பெயர். "அன்னைக்கு அந்தப் பொண்ணு யாருக்கு வாக்குக் குடுத்தாளோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்" என்று அக்கா இன்றும் பொருமுவார்.

அதிலிருந்து எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அவர் மணமக்களைப் பிறகுதான் பார்ப்பார்; முதலில் புத்தகம். ஒருமுறை 'வறுகைப் பாடல்' என்று அச்சாகியிருந்ததைப் பார்த்து, "எதை வறுக்கப் போறாங்களாம்?" என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி விசாரித்தார். இன்னொரு முறை பெண்ணின் அப்பாவை மேடையிலேயே பிடித்துக்கொண்டார். "அட்டையில திருமனம்னு போட்டிருக்கீங்க. மனம் இருக்கு, மணம்தான் இல்ல." அந்த மனிதர் முகத்தில் இருந்த சந்தோஷமெல்லாம் வடிந்து, அடுத்த அரைமணி நேரம் வந்தவர்கள் கையிலிருந்த புத்தகங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தார்.

அக்காவின் தயாரிப்பில் தங்கமெல்லாம் கிடையாது. மூன்று தாள்களை இரண்டாக மடித்தால் பன்னிரண்டு பக்கம்; மேலே ஒரு கெட்டி அட்டை. முதல் பக்கமும் பன்னிரண்டாம் பக்கமும் ஒரே தாளில் அடுத்தடுத்து வரும். இந்தச் சூட்சுமம் அவர் கணவருக்கு இன்றுவரை பிடிபடவில்லை. "பன்னெண்டுக்குப் பக்கத்துல எப்படி ஒண்ணு வரும்?" என்று ஒவ்வொரு கல்யாணத்துக்கும் புதிதாகக் கேட்பார். "வண்டியில கடைசி சீட்டும் முதல் சீட்டும் ஒரே வண்டிதானே? மடிங்க" என்பார் அக்கா. மடிப்பைச் சில்வர் ஸ்பூனின் முதுகால் அழுத்தித் தேய்க்க வேண்டும். நகத்தால் தேய்த்தால் திட்டு விழும்.

சாதாரண ஸ்டேப்ளர் நடு மடிப்புவரை எட்டாது. அதனால் அதை வாய் பிளந்து விரித்துவைத்து, ரப்பர் செருப்பு ஒன்றின்மேல் புத்தகத்தைக் கவிழ்த்துக் குத்துவார். செருப்புக்குள் இறங்கிய கம்பி முனைகளைப் பிறகு ஸ்பூனால் மடக்குவார்.

"கோயில் புஸ்தகத்தைச் செருப்பு மேல வைக்கலாமா?" என்று நான் முதல் தடவை கேட்டேன்.

"கால் படாத செருப்பு தம்பி. இதுக்குன்னே வாங்கினது."

"இன்னொரு செருப்பு?"

"அது சும்மாதான் இருக்கு. ஒத்தையா குடுன்னா கடைக்காரன் குடுக்கலயே."

அட்டையில் இரண்டு மோதிரம் பின்னிக்கொண்டிருப்பதுபோல் ஒரு படம். கடையிலிருந்து கண்ணாடி வில்லை ஒன்றைக் கொண்டுவந்து, அதைச் சுற்றிப் பேனாவால் வரைந்தது. பார்க்கிறவர்கள் எல்லோரும், "மூக்குக் கண்ணாடியா? நல்லா இருக்கே" என்கிறார்கள். "மோதிரம். நீங்க ஒரு நாள் கடைக்கு வாங்க, கண்ணை செக் பண்ணிடலாம்" என்பார் அக்கா. அந்த வழியில் நாலைந்து பேர் வந்து கண்ணாடியும் போட்டுக்கொண்டார்கள்.

இந்த முறை கல்யாணம் கண்ணாடி அக்காவின் சொந்த அக்கா மகளுக்கு. மாப்பிள்ளை வீடு வேறு மதம். அதனால் முழுத் திருப்பலிப் பூசை இல்லாமல், வாசகங்கள், வாக்குறுதி, மன்றாட்டு என்று சுருக்கமான வழிபாடு. எல்லாம் பேசி முடித்து, நாளும் குறித்தாயிற்று. கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது மாப்பிள்ளையின் அம்மா புதுக் கண்ணாடி போட அக்காவின் கடைக்கு வந்தார். என் கண்ணாடியின் கால் கழன்றுபோனதால் நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

அந்த அம்மாள் ஒரு தையல் தொழிற்சாலையில் மேற்பார்வை செய்பவர். நிமிர்ந்த முதுகு, அளந்த பேச்சு. எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை படித்து முடித்துவிட்டு, சோதனைக் கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார்.

"சம்பந்தியம்மா, தப்பா நினைக்காதீங்க. நான் கோயிலுக்கு வரல. நேரா விருந்துக்கு வந்துடறேன்."

அக்காவின் கையிலிருந்த வில்லை அப்படியே நின்றது. "ஏன்?"

"போன வருஷம் கூட வேலை செய்யற பொண்ணுக்குக் கோயில்ல கல்யாணம். எல்லாரும் எந்திரிச்சாங்கன்னு நானும் எந்திரிச்சேன். அவங்க எப்ப உக்காந்தாங்கன்னே தெரியல, நான் மட்டும் நிக்கறேன். பின்னாடி ஒருத்தி முந்தானையைப் புடிச்சு இழுக்கறா. பக்கத்துல சிரிப்பு. நாப்பது பேரை நிக்கவெச்சு, உக்காரவெச்சு வேலை வாங்கறவ நான். என் பையன் கல்யாணத்துல முதல் வரிசையில அப்படி முழிச்சிட்டு நிக்கணுமா?"

இந்த இடத்தில் அக்கா வாதம் பண்ணுவார் என்று எதிர்பார்த்தேன். வாதம் அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி. ஆனால் மேசையிலிருந்த, கண் அளவு எழுதும் சீட்டுக் கட்டை இழுத்து, பேனாவைத் திறந்தார்.

"எங்கெங்க முழிச்சீங்க? ஒவ்வொண்ணா சொல்லுங்க."

அடுத்த வாரம் தயாரான மாதிரிப் புத்தகம் அதுவரை அக்கா செய்த எதையும் போல் இல்லை. எழுந்து நிற்க வேண்டிய இடங்களிலும் உட்கார வேண்டிய இடங்களிலும் தனி வரியில், கறுப்புக் கட்டத்துக்குள், 'நிற்கவும்', 'அமரவும்'. 'ஆமென்' என்ற சொல்லுக்குக் கீழே, 'அப்படியே ஆகட்டும் என்று பொருள்.' சில இடங்களில், 'இங்கே நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.' பங்குச் சாமியாரிடம் ஒப்புதலுக்குக் கொண்டுபோனபோது அவர் ஒரே ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"மறையுரை, அமரவும், ஐந்து நிமிடம். என் பிரசங்கம் அஞ்சு நிமிஷம்னு யாரும்மா முடிவு பண்ணினது?"

"சும்மா ஒரு குறிப்புதான் ஃபாதர்."

சாமியார் சிரித்துக்கொண்டே அதை மட்டும் அடித்தார்.

மாதிரியை அக்கா நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். மாப்பிள்ளையின் அம்மா துணியில் தையல் பார்ப்பதுபோல் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். "இதுல இருக்கறபடி செஞ்சா போதுமா?"

"அப்படியே செய்யுங்க. ஒரு எழுத்து தப்பா இருக்காது."

"அப்ப வர்றேன்."

அன்று வீடு திரும்பிய அக்கா, எங்கள் மூவருக்கும் காபி போட்டார். சர்க்கரைக்குப் பதில் உப்பு. யாரும் சொல்லவில்லை, அவரும் குடித்து முடித்தார்.

பிரதி எடுக்கக் கொடுக்கும் நாளில் பாடகர் குழுத் தலைவர் வந்து நின்றார். பதிலுரைப் பாடலில் இன்னும் ஒரு சரணம் சேர்க்க வேண்டுமாம். சேர்த்தால் பதின்மூன்று பக்கம். பதின்மூன்று என்றால் இன்னொரு தாள், மூன்று பக்கம் வெறுமை. "நாலு வரிக்காக நூத்தம்பது தாளா?" அக்கா கணினியின் முன் உட்கார்ந்து வரிகளை மேலே ஏற்றி, கீழே இறக்கி, பெட்டிக்குள் புடவை அடுக்குவதுபோல் அமுக்கிப் பன்னிரண்டுக்குள் மூடிவிட்டார். மூன்று பேரும் படித்துப் பார்த்தோம். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.

கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் அம்மா முதல் வரிசையில், புதுக் கண்ணாடியோடு, புத்தகத்தை முழங்கை மடக்கிப் பிடித்தபடி இருந்தார். வருகைப் பாடலுக்கு நின்றார். வாசகத்துக்கு அமர்ந்தார். எல்லாம் கடிகாரம் மாதிரி. கோயிலில் மற்றவர்கள் யாரும் புத்தகத்தைப் பார்க்கவேயில்லை. அவர்களுக்கு எல்லாம் மனப்பாடம். பலர் அதை விசிறியாக்கிக்கொண்டிருந்தார்கள். நூற்றைம்பது பிரதியில் உண்மையில் படிக்கப்பட்டது ஒன்றே ஒன்றுதான். இடைவழிக்கு மறுபக்கம், மூன்றாவது வரிசையில் இருந்த அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார், பரீட்சை எழுதும் பிள்ளையைப் பார்ப்பதுபோல.

முதல் வாசகம் முடிந்தது. பதிலுரைப் பாடலுக்கு ஆர்மோனியம் மெல்லத் தொடங்கியது. அது உட்கார்ந்து பாட வேண்டிய பாடல். அதன் பிறகு நற்செய்தி வாசகத்துக்குத்தான் எழ வேண்டும். மாப்பிள்ளையின் அம்மா பக்கத்தைப் புரட்டினார். எழுந்து நின்றார்.

அவர் ஒருவர் மட்டும். முதல் வரிசையில், நேர் முதுகோடு.

அக்கா தன் புத்தகத்தைப் பிரித்தார். நானும் என்னுடையதைப் பிரித்தேன். ஏழாம் பக்கம், பதிலுரைப் பாடலுக்குக் கீழே இருக்க வேண்டிய கறுப்புக் கட்டம், அதற்கு மேலே உட்கார்ந்திருந்தது. 'நிற்கவும்.' அன்று அமுக்கிய அமுக்கலில் அது ஒரு படி மேலே ஏறிவிட்டிருந்தது. அதற்குள் பின் வரிசையில் யாரோ ஒருத்தி, முன்னால் நிற்பவரைப் பக்கத்தில் இருந்தவளிடம் கண்ணால் காட்டினாள்.

அக்கா எழுந்து நின்றார். நிற்கும்போதே கணவரின் முழங்கையைப் பிடித்துத் தூக்கினார். "இப்ப உக்காரணும் இல்ல?" என்றார் அவர், பாதி எழுந்த நிலையில்.

"புஸ்தகத்துல என்ன போட்டிருக்கு? நில்லுங்க."

நான் நின்றேன். என் பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்துக் குழம்பி நின்றார். அக்கா பின்னால் திரும்பினார். கடையில் கண்ணைத் திறந்து வையுங்கள் என்று சொல்லும்போது பார்க்கும் அதே பார்வை. விசிறிகள் நின்றன, அவசர அவசரமாகப் பக்கங்கள் புரண்டன. பெஞ்சு பெஞ்சாகக் கோயில் எழுந்தது. கண்ணால் காட்டினவளும் எழுந்தாள். பாடகர் குழுத் தலைவர் பாடிக்கொண்டே நின்றார். பீடத்தருகே அமர்ந்திருந்த சாமியார் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார், மடியிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார், தாமும் எழுந்தார்.

தனக்குப் பின்னால் எழுந்த சலசலப்பைக் கேட்டு மாப்பிள்ளையின் அம்மா திரும்பிப் பார்த்தார். கோயில் முழுக்க நின்றுகொண்டிருந்தது. கூட்டத்தில் அக்காவைத் தேடிக் கண்டுபிடித்து, சரியா என்று கேட்பதுபோல் புருவத்தைச் சற்று உயர்த்தினார்.

அக்கா கண்ணை மூடி, நிதானமாக ஒரு முறை தலையாட்டினார்.