விரலில் மிஞ்சியது

அட்டன் பஸ் நிலையத்துச் சுவரோரம் படுத்து வாழும் சிறுமி அவள். ஏழெட்டு வயதிருக்கும். போத்தல் மூடியில் விரலைத் தோய்த்து, மடியில் கிடந்து அழுத தம்பியின் ஈறில் தேய்த்தாள். கசிப்புச் சாராயத்தின் வாடை! திடுக்கிட்டு நின்றுவிட்டேன்.

"என்ன புள்ள செய்யிற?"

"தூங்குவான் அக்கா. இவனுக்கு வெரல்ல மட்டுந்தான்."

"அப்ப நீ குடிக்கிறியா?"

"குளிருக்கு. பசியும் தெரியாதுல்ல."

திட்டத்தான் வாய் திறந்தேன். அந்த வாடை என்னை டிக்கோயா தேயிலைத் தோட்டத்தில் நான் வளர்ந்த லயத்து வீட்டுக்கு இழுத்துப் போனது.

காலையில் பெரட்டில் பேர் பதிய ஓடும் அவசரத்தில், கொழுந்துக் கறை ஏறிய விரலை அப்பாவின் சாராயப் போத்தல் மூடியில் தோய்ப்பார் அம்மா. கைக்குழந்தையான தங்கச்சியின் ஈறில் தடவுவார். "பல்லு மொளைக்குதுங்க, தூங்கட்டும்" என்று, வேலை முடியும்வரை குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்து ஆயாவிடம் கொடுப்பார். விரலில் மிஞ்சியதை என் நாக்கில் துடைப்பார். அதற்காகவே நான் வாசலில் வாயைத் திறந்துகொண்டு நிற்பேன்.

இங்கே, சுவரோரம், தம்பிக்குக் கண் சொருகியது. சிறுமி விரலைத் தன் வாயில் வைத்துச் சப்பினாள்.

நானும் தங்கச்சியும் அழாமல் வளர்ந்த பிள்ளைகள் என்று எங்கள் வீட்டில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்.