ராகேல் போட்ட பிடியரிசி

ராகேல் அரிசி கேட்டு வந்த அன்று என் வீட்டில் அரிசி இருந்தது. இல்லை என்று சொன்னேன்.

அது என் அரிசியும் அல்ல... சபையின் அரிசி! எங்கள் சபைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து, ஞாயிறன்று கொண்டுவந்து கொட்டுவோம். இல்லாத வீட்டுக்குக் கொடுப்பதற்கென்றே அந்தப் பிடியரிசி. ஜெபக் கொட்டகையில் எலித் தொல்லை; அதனால் என் வீட்டு டிரம்மில் வைத்தார்கள். நான் அதிகம் பேசாதவள். போதகர் என்னை நம்பினார். பேசாதவர்கள் எல்லாம் நல்லவர்களா? நீங்களே சொல்லுங்கள்.

அந்த வாரம் விடாத மழை. மலைப்பாதையில் பாறை சரிந்து பஸ் நின்றுவிட்டது. செம்மேட்டுக் கடைகளில் சரக்கு இல்லை என்றார்கள். கூலி வேலைக்கு மலையிலிருந்து இறங்கிய என் கணவர் முள்ளுக்குறிச்சியிலேயே மாட்டிக்கொண்டார். எங்கள் அரிசி தீர்ந்து, இரண்டு நாளாக நான் டிரம்மிலிருந்து எடுத்துத்தான் சமைத்தேன். தினமும் கையை விட்டு ஆழம் பார்ப்பேன். முழங்கை வரை அரிசி இருந்தது. அப்படியும் பயந்தேன்... மழை இன்னும் எத்தனை நாளோ! கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று வாரம்தோறும் பாடியவள்தான் நான்.

அடுத்த வீட்டு ராகேல் கணவனை இழந்தவள். பத்து வயதில் ஒரு மகள். நனைந்தபடி வந்து வாசலில் நின்றாள்.

"அக்கா, பிடியரிசி ஏதாச்சும் கெடக்குங்களா? புள்ள காலைலருந்து வெறும் டீத்தண்ணிதானுங்க."

"போன வாரமே குடுத்தாச்சு கண்ணு, ஒண்ணுமில்ல" என்றேன். நாக்கு தடுமாறவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம்... "வா, ஜெபம் பண்ணலாம்" என்றேன்! அந்த டிரம்முக்கு முன்னாலேயே இருவரும் முழங்கால் போட்டோம். நாலு பேர் முன் வாய் திறக்காத நான், அன்றைய ஆகாரத்தைத் தரும்படி கண்ணீரோடு கேட்டேன். அவள் "ஆமென்" சொல்லி, முகம் தெளிந்து எழுந்து போனாள்.

டிரம்மில் அவள் போட்ட பிடியும் இருந்தது. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் அவள் மண்வெட்டியோடு, தான் கூலிக்குப் போகும் காட்டுக்கு ஏறுவதை ஜன்னலில் பார்த்தேன். அங்கே இருப்பது ஜவ்வரிசி மில்லுக்குப் போகும் கசப்பு மரவள்ளி. நறுக்கி ஊறவைத்து, தண்ணீரை வடித்து நன்றாக வேகவைக்காமல் அதை வாயில் வைக்கக் கூடாது. மலையில் எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் பிள்ளைக்குப் பசி, விறகெல்லாம் ஈரம். பொறுப்பாளா? கூப்பிட்டிருக்கலாம்... கூப்பிட்டால் அரிசி கொடுக்க வேண்டுமே! ஜன்னலைச் சாத்தினேன்.

கிழங்கைத் தணலில் சுட்டுக் கொடுத்திருக்கிறாள். சாயங்காலத்துக்குள் பிள்ளைக்கு வாந்தி, மயக்கம், கண் செருகிவிட்டது. ஆண்கள் போர்வையில் தொட்டில் கட்டிச் செம்மேட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். நானும் பின்னால் ஓடினேன். ஜெபித்துக்கொண்டா? இல்லை... கதவைப் பூட்டாமல் வந்துவிட்டேனே, யாராவது டிரம்மைத் திறந்து பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டு!

பிள்ளை பிழைத்தாள். பஸ் ஓடத் தொடங்கியதும் மிச்ச அரிசியை ராகேலிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கர்த்தர் அனுப்பினார் என்றாள். சபையில் எழுந்து நின்று, அக்கா பண்ணிய ஜெபம்தான் மகளைக் காப்பாற்றியது என்று சாட்சி சொன்னாள். நான் தலை குனிந்தேன். அதைத் தாழ்மை என்று எண்ணிக்கொண்டார்கள்.

இரண்டு வருடம் ஓடிவிட்டது. ராகேல் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருக்கிறாள். மகளை என்னிடம்தான் விட்டுப் போனாள்.

"உங்ககிட்ட இருந்தா எனக்குப் பயமில்லீங்க அக்கா" என்றாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. போதகரிடம் சொல்ல இரண்டு முறை போனேன். ஜெபக் கொட்டகையைக் கூட்டும் துடைப்பத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பினேன். தேவனிடம் சொல்லத் தேவையில்லை... நாங்கள் முழங்கால் போட்ட அந்த அறையிலேயே அவர் இருந்தார்.

நேற்று மதியம் பிள்ளை தட்டை நீட்டி, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள். குண்டா நிறையச் சோறு இருந்தது. ஆனாலும் என் கரண்டி நின்றது. ஒரு நொடிதான்.

அவள் கரண்டியைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். தட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"போதுங்க பெரிம்மா, வயிறு நெறஞ்சிருச்சு."